கடலில் பதினொரு நாள்

புல்மோட்டையில இருந்து கரையோர ரோட்டால திருகோணமலைக்கு பஸ்ஸில போன எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி எல்லாம் கழிந்து டவுனுக்குக் கிட்ட வரேக்க, பெயர் பொறித்த கல்லுகள் வரிசையாக நிற்கிற போர்க் கல்லறை. ஜன்னலால பார்த்துவிட்டு நாங்களும் எத்தனையோ தரம் பேசாமல் கடந்து போயிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனோம்.

போர்க்காலத்தில் திருகோணமலை கடற்படை விமானிகளின் ஊராகவும் இருந்திருக்கிறது. சீனக்குடாவில் இருந்த தங்கள் விமானத் தளத்துக்கு பிரிட்டிஷ் கடற்படை 'பம்பாரா' என்று பெயர் வைத்திருந்தது. (தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரிப் பெயர் வைப்பது அவர்களின் பழக்கம்.) 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. 307 பேர் போனார்கள். அன்றைக்கு அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அந்தப் போரில் இறந்து, கல்லறை இல்லாமல் போன பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவினர் கிட்டத்தட்ட 2,000 பேரின் பெயர்கள் இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட் கரையில் இருக்கின்றன.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற பொதுநலவாய ஆணையத்துக்கு ஒரு கடைசித் திகதி இருக்கிறது: 1947 டிசம்பர் 31. அதற்குப் பிறகு பணியில் இறந்தவர்கள் அதன் கணக்கில் இல்லை. 1948 முதல் பணியில் இறந்தவர்களுக்கான தேசிய நினைவிடத்தை பிரிட்டன் திறந்தது 2007இல்தான். சண்டை இல்லாத நாளில் செத்தவரை என்ன செய்வது என்பது நாடுகளுக்கு லேசில் விளங்குவதில்லைப் போல.

அப்படி ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தோம். இந்தியக் கடற்படையின் கமாண்டர் நிஷாந்த் சிங். இந்தக் கடலில் இல்லை, அந்தப் பக்கம் அரபிக் கடலில், கோவாவுக்கு அப்பால்.

முதலில் அவர் ஊருக்குத் தெரிய வந்தது ஒரு பகிடிக் கடிதத்தால். 2020 மே, கொரோனா முடக்க நேரம். கல்யாணம் கட்ட அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு எழுதுகிறார். சண்டை விமானத்தில் கண் வெட்டுகிற நேரத்தில் முடிவெடுக்கிற மாதிரித்தான் இதுவும், ஆறுதலாகத் திரும்ப யோசிக்க எனக்கு வசதி இல்லை என்று, கல்யாணத்தையே உயிர்த்தியாகம் மாதிரி முழுக்க இராணுவப் பாஷையில் எழுதியிருந்தார். அனுமதியும் பகிடியாகவே வந்தது. கடிதம் கைபேசி கைபேசியாகப் பரவி எல்லாரும் சிரித்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, நவம்பர் 26 பின்னேரம், 'விக்ரமாதித்யா' கப்பலில் இருந்து ஒரு மிக்-29கே பயிற்சி விமானம் கிளம்பியது. நிஷாந்த் சிங் அதில் பயிற்றுநர், மற்றவர் பயிற்சி பெறுகிறவர். விமானம் கடலில் விழுந்தது. மற்ற விமானியை உயிரோடு மீட்டார்கள். பயிற்றுநரைக் காணவில்லை.

9 போர்க்கப்பல், 14 விமானம் தேடின. மூன்று நாளில் சிதைவுகளில் கொஞ்சம் கிடைத்தது. ஆளைக் கண்டது டிசம்பர் 7, கரையில் இருந்து சுமார் 30 மைல் தூரத்தில், 70 மீற்றர் ஆழத்தில். பதினொரு நாள். பிறகு மரபணுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தி, டிசம்பர் 11 கோவாவில் இராணுவ மரியாதையோடு தகனம்.

2019 நவம்பர் 16இல் இருந்து கணக்குப் பார்த்தால், ஒரு வருடமும் பத்து நாளும். அதற்குள் விழுந்த மூன்றாவது மிக்-29கே இது. முந்தின இரண்டிலும் விமானிகள் தப்பிவிட்டார்கள். 2016இலேயே இந்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கை இந்த விமானங்களைப் பற்றி எச்சரித்திருந்தது: வடிவமைப்புக் குறைகளால் 40 என்ஜின்கள் சேவையில் இருந்து எடுக்கப்பட்டிருந்தன, பறக்கத் தயாராக இருந்த விமானங்கள் எந்த நேரத்திலும் 38 வீதத்தைத் தாண்டவில்லை. நிஷாந்த் சிங்கின் விமானம் அதனால்தான் விழுந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் போர் இல்லாத காலம் என்பதால் பறக்கிறவருக்கு ஆபத்தும் இல்லை என்று நினைக்கிறவர்கள் அந்த அறிக்கையை ஒருக்கா வாசிக்கலாம்.

எங்கட பக்கக் கடலிலும் நடந்திருக்கிறது. 2015 ஜூன் 8 இரவு, சென்னையில் இருந்து கிளம்பிய கரையோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் காரைக்காலுக்கு அப்பால் ராடாரில் இருந்து மறைந்தது. உள்ளே மூன்று பேர். 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கி, கடலடியில் இருந்து வந்த சமிக்ஞையைப் பிடித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் இருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள்.

இதையெல்லாம் வாசிக்கேக்க எங்களுக்குள்ள வந்தது மரியாதை மட்டுமில்லை, கொஞ்சம் பொறாமையும்தான். உண்மையைச் சொன்னால் என்ன. ஒரு ஆளுக்காக ஒன்பது கப்பல். கிடைத்த உடம்பு அவருடையதுதானா என்று பரிசோதனை. அது பிழை இல்லை, அப்படித்தான் தேட வேண்டும். ஆனால் கடலுக்குப் போன ஒரு வாப்பா வராவிட்டால் இந்தக் கரையில் என்ன நடக்கும்? மையித்து இல்லாமல் எப்படித் தொழுவிப்பது, எந்த நாளில் இருந்து இத்தா இருப்பது என்று வீட்டுக்குள்ள மெதுவாகக் கதைப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க அந்தக் கதை கேட்டது.

தேடப் போகிறதும் பக்கத்து வாடிக்காரர்தான். எண்ணெய்க்குக் காசு சேர்த்து, இரண்டு மூன்று போட் விடியவே இறங்கும். எண்ணெய் முடியிற மட்டும் தேடுவார்கள்.