ஈஸ்ட் பெங்கால்: ஊரை இழந்தவர்களின் கிளப்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இஞ்சினியர் ஆச்சே, டர்பைனைப் பற்றியோ டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியோ எழுதுவான் என்று ஆசிரியர் குழு நினைத்திருக்கும். பயப்பட வேண்டாம். இது ஒரு கால்பந்து கிளப்பின் நூறு வருஷக் கதை. கிளப் இருப்பது கொல்கத்தாவில். பெயர் ஈஸ்ட் பெங்கால்.

"அம்மையார்குப்பத்துக்காரனுக்குக் கொல்கத்தாவில் என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது.

நம்ம பக்கம் எல்லைப் பக்கம். தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழும். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டம், படாஸ்கர் பரிந்துரை என்றெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதை நம்ம பெரியவர்கள் நேரில் பார்த்தவர்கள். ஆனாலும் நமக்கு மாறியது தலைநகரம் மட்டும்தான். வீடு வாசல் போகவில்லை. வங்காளத்தில் 1947-ல் போட்ட கோடு வீடு, நிலம், குளம், கோயில் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே விட்டுவிட்டு வரச் செய்தது. அப்படி வந்தவர்களிடம் மிஞ்சிய முகவரிகளில் ஒன்றுதான் இந்தக் கால்பந்து கிளப்.

ஒரு கோபத்தில் பிறந்த கிளப்

கதை பிரிவினைக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1920 ஜூலை 28. கூச் பிஹார் கோப்பையில் ஜோராபகான் அணிக்கும் மோகன் பகான் அணிக்கும் ஆட்டம். மோகன் பகான் அப்போதே பெரிய பெயர். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்த அணி. வெள்ளைக்காரனை மைதானத்தில் மண்ணைக் கவ்வ வைத்த அணி என்று நாடே கொண்டாடியது.

அந்த 1920 ஆட்டத்தில் ஷைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஜோராபகான் சேர்க்கவில்லை. கிழக்குச் சீமைக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று பேச்சு. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மனிதர் விலகினார். நாலே நாள்! ஆகஸ்ட் 1-ம் தேதி நண்பர்களைச் சேர்த்துப் புதுக் கிளப் தொடங்கிவிட்டார். எந்தச் சீமைக்காரர் என்று ஒதுக்கினார்களோ அந்தச் சீமையின் பெயரையே கிளப்புக்கு வைத்தார்கள். சிவப்பும் பொன்னும் சட்டை நிறம்.

கொல்கத்தா லீக்கில் இரண்டாம் டிவிஷனில் தொடங்கி 1925-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த வருஷம் மே 28-ல் லீக்கில் முதல் தடவையாக மோகன் பகானைச் சந்தித்து 1-0 என்று வென்றார்கள். அன்று ஆரம்பித்த போட்டி இன்றுவரை ஓயவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்த வீடுகளில் இலிஷ் மீன் குழம்பு; ஆந்திராவில் புலசா என்பார்களே, அதேதான். மோகன் பகான் ஜெயித்தால் இறால். மீன் மார்க்கெட் விலையைக் கூட ஃபுட்பால் தீர்மானிக்கிற ஊர்!

1942-ல் முதல் லீக் பட்டம். 1943-ல் முதல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அதுவரை இது கிழக்குப் பகுதியிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்தவர்களின் கிளப். 1947-க்குப் பிறகு நிலைமையே வேறு.

பிரிவினையும் பஞ்ச பாண்டவரும்

டாக்காவிலிருந்தும் பாரிசாலிலிருந்தும் மைமன்சிங்கிலிருந்தும் லட்சக்கணக்கில் ஜனம் கொல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. சியால்தா ரயில் நிலைய பிளாட்பாரத்தில் குடித்தனம். ஜாதவ்பூர், விஜய்கட் பக்கம் கூரை போட்டுக் காலனிகள். உள்ளூரில் இவர்களுக்கு 'பாங்கால்' என்று பெயர். அதில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் சிவப்பு-பொன் சட்டை கோல் போட்டால், அந்த ஒன்றரை மணி நேரமாவது தலை நிமிரலாம்.

சரி, அந்த கோலைப் போட்டது யார்? இங்கேதான் நம்ம கதையும் வந்து சேருகிறது.

1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரைப் 'பஞ்ச பாண்டவர்' என்றே வங்காளிகள் அழைத்தார்கள். அஹமது கான், தன்ராஜ், வெங்கடேஷ் மூவரும் பெங்களூர். அப்பா ராவ் ஆந்திராவின் காக்கிநாடா. சாலே கேரளத்தின் கோட்டயம். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை! கிழக்கு வங்காளத்தின் மானத்தைக் காப்பாற்றியது ஐந்து தென்னாட்டுக்காரர்கள். முஸ்லிம், ஆந்திரர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதுவும் எப்போது? மதத்தின் பெயரால் வீட்டை இழந்து வந்த ஜனம் கூட்டமாக உட்கார்ந்திருந்த காலத்தில்! எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய விஷயம் இதுதான்.

சாதனையும் சாதாரணமில்லை. 1949-ல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே வருஷத்தில். 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று தடவை ஷீல்டு. 1951, 52-ல் டூரண்ட் கோப்பை. 1953-ல் ருமேனியாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போய் ஆடிவிட்டு வந்தார்கள். அஹமது கான் 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடியவர். லண்டனில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன்.

ஏற்றமும் இறக்கமும்

1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டம். 1970 ஷீல்டு இறுதியில் ஈரானின் பாஸ் கிளப்பை 1-0 என்று வென்றார்கள். 1975 செப்டம்பர் 30 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0! இன்றும் அந்த ஊர் டீக்கடையில் 'ஐந்து' என்று சொன்னால் போதும், சண்டை வரும்.

வெறி எல்லை மீறியதும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டனில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது நடந்த கலவரத்தில், நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்ததானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறார்கள். விளையாட்டு விளையாட்டாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

1997 ஜூலை 13-ல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல்! பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். ஈஸ்ட் பெங்கால் 4-1. அடுத்த 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் போட்டவர் நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன், பத்து கோல். 2003 ஜூலை 26-ல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை 3-1 என்று வென்று ஆசியான் கிளப் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன் இருந்தார். 2018-ல் சாலை விபத்தில் மறைந்துவிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கோப்பையா, கூட்டமா?

கடைசியாக ஒரு கணக்கு. 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தில் ஜெயித்தது. ஆனால் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி, முதலில் ஒரு கோல் வாங்கிய பிறகும், மினர்வா பஞ்சாபை 3-1 என்று முறியடித்தது. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே புள்ளியில் நம்ம தமிழ்நாட்டு அணி இந்தியச் சாம்பியன்!

அப்புறம்? 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலைப் பாருங்கள். சென்னை சிட்டியின் பெயரே இல்லை. மூன்றே வருஷம்.

ஈஸ்ட் பெங்காலுக்கும் பணக் கஷ்டம் வராமல் இல்லை. 2018-ல் ஒரு முதலீட்டாளர், 2020-ல் வேறொருவர், 2022-ல் இன்னொருவர். நூறாவது வயதிலேயே கிளப் கையை விட்டுப் போய்விடுமோ என்ற நிலை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் உறுப்பினர்களின் உரிமை போய்விடும் என்று ஒரு சாரார். போடாவிட்டால் அணியே ஆடாது என்று இன்னொரு சாரார். 2021 ஜூலை 21-ல் கிளப் வாசலில் ரசிகர்கள் திரண்டு, போலீஸ் தடியடி வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: "இது எங்க கிளப்" என்று சண்டை போட ஆள் இருந்தது. அந்த ஆட்கள் இருந்ததால்தான் கிளப்பும் இருக்கிறது. 2024 ஜனவரி 28-ல் புவனேஸ்வரில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தார்கள். தேசிய அளவில் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த கோப்பை.

கோப்பை கிளப்பைக் காப்பாற்றாது, கூட்டம்தான் காப்பாற்றும். இதுதான் எனக்குப் பட்ட பாடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு வங்காளம் என்ற பெயர் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை. 1955-ல் அது கிழக்குப் பாகிஸ்தான் ஆனது. 1971-ல் பங்களாதேஷ் ஆனது. மூன்று தலைமுறையாக அந்த மண்ணை மிதிக்காதவர்கள் அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்தப் பெயரைத் தூக்கிப் பிடிக்க பெங்களூர், காக்கிநாடா, கோட்டயம், தஞ்சாவூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஒதுக்கப்பட்ட ஒருவருக்காகத் தொடங்கிய கிளப், வெளியூர்க்காரரை ஒதுக்காமல் இருந்ததால் வளர்ந்தது.

நம்ம முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் இதில் விஷயம் உண்டு. நாம் படித்த கட்டிடங்கள் இடிக்கப்படலாம், பாடத்திட்டம் மாறலாம், ஹாஸ்டல் மெஸ் சாம்பார் கூட ஒருநாள் திருந்தலாம்! கல்லூரியின் பெயரைச் சுமப்பது நாம்தான். மெக்கானிக்கல், சிவில், டே-ஸ்காலர், ஹாஸ்டல், அந்த பேட்ச், இந்த பேட்ச் என்று பார்க்காமல் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இடம் கொடுப்போம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, சங்கத்தில் சேருங்கள்; சேர்ந்தபின் கேள்வியும் கேளுங்கள். சண்டை போட ஆள் இருக்கும் வரை சங்கம் சாகாது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!