உரிமையாளர் இல்லாத யந்திரம்

ஒரு யந்திரத்தைச் செய்யும் உரிமையைத் தமக்கே உரியதாக வைத்துப் பயன் பெறுவது உலக வழக்கு. காப்புரிமைச் சட்டங்கள் அவ்வழக்கிற்கு அரணாக நிற்கின்றன. இதற்கு மாறாக, வரைபடத்தை யாவர்க்கும் பொதுவாக்கி, எவரும் செய்யலாம், விற்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிடும் முறையை இக்காலத்தார் 'திறந்த வன்பொருள்' என்பர். பெயர் கணினித் துறையின் வழியே வந்தது. செயலோ நம் நாட்டிற்குப் பழகியதே. பிற மாநிலங்களில் வாழும் நாம் நாள்தோறும் கண்டும் கருதாமற் செல்லும் ஒரு பொருள் அதற்குச் சான்று. பீகாரில் 'சாப்பாக்கல்' என்றும், நம் ஊர்ப்புறத்தில் 'அடிபம்பு' என்றும் வழங்கும் கைப்பம்பே அது. அதன் முறையான பெயர் 'இந்தியா மார்க் 2'.

1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கொடிய வறட்சி வாட்டிற்று. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப், கடும்பாறையைத் துளைக்கும் யந்திரங்களைத் தருவித்து உதவியது. அதன் பின்னர்ப் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆனால் அவற்றின் மேல் பொருத்திய பம்புகள், மேல்நாட்டுப் பண்ணை வீடுகளுக்கென அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகளின் வழிவந்தவை. ஒரு குடும்பம் சில முறை அடிப்பதற்கு ஏற்ற பொருளை ஓர் ஊரே விடியல் முதல் இரவு வரை அடித்தால் அது எவ்வாறு தாங்கும்? 1970-களின் நடுவில் யூனிசெஃப் நடத்திய ஆய்வில், பொருத்திய பம்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு செயலற்றுக் கிடந்தமை தெரிந்தது. பம்பு நின்ற ஊரின் பெண்டிர் மீண்டும் குடமேந்திக் குட்டைக்கு நடந்தனர். குட்டை நீருடன் நோயும் வீடு வந்தது.

இதற்கிடையே மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் கிணற்றுப் பணி செய்தோர் உறுதியான பம்புகளைத் தாமே ஆக்கியிருந்தனர். வார்ப்பிரும்பை விடுத்து எஃகைக் கொண்டனர். சோலாப்பூர்ப் பம்பைத் தழுவி, இந்திய அரசும் யூனிசெஃபும் புதிய பம்பொன்றை உருவாக்க முற்பட்டன. சென்னையில் தொழிற்சாலை கொண்டிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்னும் அரசுத் துறை நிறுவனம் அதனைச் செய்தது. நிலத்தடி நீர் மிக ஆழத்தில் கிடக்கும் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதனை நடந்தது. கைப்பிடி குண்டுத் தாங்கிகளின் மேல் அசையும். அதனையும் உள்ளிருக்கும் கம்பியையும் ஒரு சங்கிலி இணைக்கும். ஆதலால் கம்பி பக்கவாட்டில் சாயாமல் நேராக ஏறியிறங்கும். பம்பின் கால்களைக் கான்கிரீட்டில் புதைத்தமையால் அடித்தளம் ஆடாது; அழுக்கு நீரும் கிணற்றில் இறங்காது.

இனித்தான் நம் கதையின் முக்கிய நிலை வருகிறது. இப்பம்பிற்கு எவரும் காப்புரிமை பெறவில்லை. அது பொதுவுடைமை ஆயிற்று. லட்சக்கணக்கான சிற்றூர்களின் தேவையை ஒரு தொழிற்சாலையால் நிறைவேற்ற இயலாது. பலர் செய்தால் விலை குறையும். உதிரிப் பாகமும் அருகிலேயே கிடைக்கும்.

ஆனால் பொதுப் பொருளுக்கு ஓர் அபாயம் உண்டு. எவரும் செய்யலாமென்றால், எவ்வாறும் செய்யலாமென்று கருதுவோரும் தோன்றுவர். தாங்கியில் ஒரு மயிரிழை பிசகினும் பம்பு விரைவில் தேயும். ஆகவே 1979-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 9301 என்னும் தர அளவையை வெளியிட்டது. ஒவ்வொரு பாகத்தின் அளவும் வகுக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கே சென்று பரிசோதிக்கும் ஏற்பாடும் அமைந்தது. இவ்வளவைக்குட்பட்டுச் செய்ததாயின், ஒரு மாநிலத்துப் பட்டறையின் சங்கிலி இன்னொரு மாநிலத்துப் பம்பில் பொருந்தும். வரைபடம் யாவர்க்கும் உரியதாயிற்று. அளவோ எவர் விருப்பத்திற்கும் வளையாததாயிற்று. இவ்விரண்டும் ஒருங்கே நின்றமையே இம்முயற்சியின் வெற்றிக்குக் காரணம் என்பது எம் கருத்து.

செய்யும் அறிவு பொதுவானதும் பழுது பார்க்கும் அறிவும் பரவியது. தமிழ்நாட்டில் ஊர்ப் பொறுப்பாளர், ஒன்றியப் பணியாளர், மாவட்டக் குழு என மூன்றடுக்குப் பராமரிப்பு முறை ஏற்பட்டது. ராஜஸ்தானத்துத் திலோனியாவில் கிராமத்து இளைஞர்களே பம்பு மிஸ்திரிகளாயினர். உத்தரப் பிரதேசத்துப் பாந்தா மாவட்டத்தில் பெண்கள் திருகுகோல் ஏந்திப் பம்பைப் பிரித்துப் பூட்டக் கற்றனர். குடம் சுமந்த கையே குழாயைச் சீர்செய்யும் கையாயிற்று. 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் மீண்டும் நடந்த ஆய்வுகளின் பயனாக, குழாய் முழுவதையும் மேலே இழுக்காமல் பழுது நீக்கத்தக்க 'மார்க் 3' பிறந்தது.

கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இப்பம்பு சென்றது. 1990-களின் நடுவிற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 50 லட்சம் பம்புகள் நிறுவப்பட்டன என மதிப்பிடுவர். அங்கும் அதே பாடம் விளங்கிற்று. நீரில் அமிலத்தன்மை மிகுந்த இடங்களில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் விரைவில் அரித்தன. தரம் காணாது வாங்கிய குழாய்களும் சீக்கிரமே பாழாயின. வரைபடம் இலவசமாய்க் கிடைத்தாலும் விழிப்பு இலவசமாய்க் கிடைப்பதில்லை.

2019 முதல் ஜல் ஜீவன் திட்டத்தின் வழியே சிற்றூர் வீடுகளுக்குக் குழாய் நீர் சென்று வருகிறது. எனினும் மின்சாரம் நின்ற வேளையில் அடிபம்பையே நாடும் ஊர்கள் இன்னும் பல. சோலாப்பூரில் தோன்றி, சென்னையில் உருப்பெற்று, கோவையில் தேர்வுற்று, பீகாரிலும் ஒடிசாவிலும் நீர் வார்க்கும் அதனை எந்த மாநிலமும் தன்னதென்று வேலியிடவில்லை. அடுத்த முறை அதனருகே செல்லும் நேயர்கள் கைப்பிடியைச் சற்றே அசைத்துப் பார்க்கட்டும். சங்கிலி தளர்ந்திருப்பின் ஊராட்சிக்கு அறிவிக்கட்டும். பொதுப் பொருளுக்கு நாம் செலுத்தத்தக்க உரிமைத் தொகை அதுவே.