ஸ்பைரில்லம் மைனஸ்

ஸ்பைரில்லம் மைனஸ் என்பது எலிகளிடம் காணப்படும் சுருள் வடிவப் பாக்டீரியா ஆகும். இது மனிதருக்கு எலிக்கடிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. இவ்வினம் முதலில் விவரிக்கப்பட்டது இந்தியாவில்தான்.

பம்பாயில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர், எலி ஒன்றின் குருதியில் இந்த நுண்ணிய சுருளுயிரியைக் கண்டார். அது பற்றிய அவரது குறிப்பு 1888இல் வெளியானது. 1858இல் வந்த கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. நூலின் பெயரில் நிலைத்ததோ கிரே மட்டும். பம்பாயில் மீள்காய்ச்சலை ஆராய்ந்த கார்ட்டருக்குக் குருதியில் சுருளுயிரிகளைத் தேடிப் பழக்கம் இருந்தது.

எலிக்கடிக் காய்ச்சலுடன் இதற்குள்ள தொடர்பை ஃபுதாகி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1916இல் விளக்கினர். அங்கு இந்நோயின் பெயர் சொதொகு, அதாவது எலி நஞ்சு. கடிவாய் முதலில் ஆறிவிடும். ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து அதே இடம் வீங்கிப் புண்ணாகும், நெறி கட்டும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அதற்குள் கடிபட்டதையே நோயாளி மறந்திருக்கக்கூடும். பென்சிலினால் குணமாகும் நோய் என்பதால், மருத்துவரிடம் எலிக்கடியைச் சொல்வது முக்கியம்.

இதே காய்ச்சலுக்குக் காரணமான மற்றொரு பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மொனிலிஃபார்மிசை ஆய்வகத்தில் வளர்க்கலாம். ஸ்பைரில்லம் மைனசோ செயற்கை ஊடகத்தில் வளர்வதில்லை. நோயாளியின் குருதியை நுண்ணோக்கியில் பார்ப்பதும், சுண்டெலிக்குச் செலுத்திச் சோதிப்பதுமே பழைய வழி. ஒப்பிட்டுப் பார்க்க வளர்ப்பு மாதிரி இல்லாததால், இது ஸ்பைரில்லம் பேரினத்தைச் சேர்ந்ததா என்பதே ஐயத்துக்குரியது. அப்பேரினத்தின் மாதிரி இனமான ஸ்பைரில்லம் வொலுடன்ஸ் நன்னீரில் வாழ்வது.