தலைவிதியா? சாலை விதியா?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்கிறோம். கடற்கரைச் சாலையை அடைந்ததும் இளைஞர் கூட்டம் காற்றெனப் பறக்கிறது. விபத்து நேர்ந்தாலோ, "விதி முடிந்தது" என்கிறோம். எந்த விதி? தலையில் எழுதியதாகக் கதைக்கப்படும் விதியா, சட்டத்தில் எழுதியும் நாம் மீறிய விதியா? வரலாறு விடை கூறும்.

1903-இல் பிரிட்டன் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று கேட்பாரில்லை! 1934-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 7,343 பேர். மறு ஆண்டுதான் தேர்வு கட்டாயமாயிற்று. குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு வேக வரம்பும் வந்தது. அவ்வாண்டு சாவு 6,502 ஆகக் குறைந்தது. 1967-இல் மூச்சுச் சோதனை வந்தது. குடித்து ஓட்டுவோர் அஞ்சினர், உயிர்ப்பலி குறைந்தது. ஆனால், பிடிபடுவது அரிது என்று கண்டதும் அச்சம் தேய்ந்தது. பழைய பழக்கம் மெல்லத் திரும்பிற்று!

நம் நாட்டிலும் 1914 சட்டத்திலேயே உரிமம் உண்டு. தமிழகத்தில் 2016-இல் சாலையில் இறந்தோர் 17,218 பேர், 2019-இல் 10,525. உரிமங்கள் தற்காலிகமாகப் பறிக்கப்பட்டன. ஆபத்தான இடங்கள் சீர்செய்யப்பட்டன. மீட்பு ஊர்திகள் விரைந்தன. பின்னர்? 2022 அக்டோபரில், உரிமமின்றி ஓட்டுவோர்க்குத் தண்டம் ஐந்நூறிலிருந்து ஐயாயிரமாக உயர்ந்தது. ஆயினும் 2023-இல் இறந்தோர் 18,347 பேர்! வண்டிகள் பெருகிவிட்டன என்பர். 2016-க்குப் பின்னும் பெருகத்தானே செய்தன? அப்போது சாவு குறையவில்லையா? தண்டத் தொகையின் பெருமை மட்டும் ஒழுங்கைத் தராது. தவறினால் பிடிபடுவோம் என்ற உறுதியே தரும்.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில், விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டம் தொடங்கியது. போற்றுகிறோம். ஆனால் காயம் பட்டபின் காப்பது மருத்துவம். படாமற் காப்பது அறிவு.

அந்த அறிவு எங்கே? புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. தலைக்கவசம் கைப்பிடியில் தொங்குகிறது! பதினெட்டு நிறையாத மாணவர் வண்டியில் பள்ளிக்கு வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சாவியைக் கொடுத்தவர் தந்தை! தரகரிடம் உரிமம் வாங்குவோன், கற்றதற்குச் சான்று பெறவில்லை. கல்லாமைக்கு அனுமதி பெறுகிறான்.

மாமல்லையின் கல்லைச் செதுக்கிய சிற்பிக்கும் பயிற்சி தேவைப்பட்டது. அவன் உளி தவறினால் கல் உடையும். நம் கை தவறினால்? தோழர்களே, தேர்வெழுதி உரிமம் பெறுவோம். காவலர் இல்லாத திருப்பத்திலும் விதியை மதிப்போம். தலைவிதியை வெல்லச் சாலை விதி போதும்!