பழைய நாவல்களும் மறந்த சொற்களும்

தமிழில் நாவல் பிறந்த காலத்து நூல்களின் பெயர்களை வரிசையாக வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885-இல் வந்தது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1896-இலும், மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898-இலும் நூலுருப் பெற்றன. நான்கும் கற்பனைக் கதைகளே. ஆயினும் நான்கும் சரித்திரம் என்றே பெயர் பூண்டன. அன்று அச்சொல் ஒருவரது வாழ்க்கைக் கதையையும் குறித்தது. நாடுகளின் வரலாறு என்னும் பொருளை மட்டுமே அறிந்த இன்றைய இளைஞர், அசன்பேயை மெய்யாக வாழ்ந்த மன்னர் என எண்ணிவிடக்கூடும்.

'அசன்பே' என்பதும் ஒரே பெயரன்று. ஹசன் என்னும் இயற்பெயரோடு 'பே' என்ற உதுமானியப் பட்டம் சேர்ந்தது அது. அப்பட்டம் துருக்கியில் 1934-இலும் எகிப்தில் 1952-இலும் சட்டத்தால் நீக்கப்பட்டது. பட்டம் மறைந்தபின் தலைப்பின் பாதிப் பொருளும் நம்மிடமிருந்து மறைந்துவிட்டது.

சொல் வழக்கொழிவதைவிட, சொல் இருக்கப் பொருள் மாறுவதே பெரிய இடறல். பழைய கதையொன்றில் ஒருவர் காலையில் கச்சேரிக்குப் புறப்பட்டால், அவர் பாட்டுக் கேட்கப் போகவில்லை. அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகிறார். இலங்கையில் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றழைக்கும் வழக்கு பழம்பொருளை இன்றும் காத்து நிற்கிறது.

அக்கச்சேரிக்குள் நுழைந்தால் நமக்கு அந்நியமல்லாத ஒலிகள் கேட்கும். வக்கீல், ஜாமீன், அசல், நகல் யாவும் அரபு மூலமுடையவை. வீடு தேடி வந்து ஜப்தி செய்யும் அமீனாவைக் கண்டு கதைமாந்தர் நடுங்குவர். ஆனால் 'அமீன்' என்பதற்கு நம்பிக்கைக்குரியவர் என்பதே பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் நபித்துவத்துக்கு முன்னரே அழைத்த பெயரல்லவா அது! முன்சீப் என்பவர் 'முன்ஸிஃப்', நீதி வழங்குபவர். 'நிஸ்ஃபு' என்றால் பாதி. இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிடுபவர் என்ற கருத்து அவ்வேர்ச்சொல்லிலேயே உறைகிறது. தமிழின் முதல் நாவலாசிரியரான வேதநாயகம் பிள்ளையே முன்சீப்பாக இருந்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

இந்நூல்களை மறுபதிப்புச் செய்வோர் சிலர், வாசகருக்கு எளிதாகட்டும் என்று பழஞ்சொற்களை மாற்றிவிட விழைகின்றனர். நோக்கம் நன்றெனினும் விளைவு நன்றன்று. அமீனாவை 'நீதிமன்ற ஊழியர்' என்று திருத்தும் கை, தமிழோடு அரபு கலந்து வாழ்ந்ததற்கான ஒரு சான்றையே அழித்துவிடுகிறது. மூலத்தை அப்படியே விட்டு, நூலின் இறுதியில் சொற்பொருள் அகராதி சேர்ப்பதே தக்க வழி. சொற்களின் பிறமொழி மூலத்தையும் சுட்டும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்குப் பெரிதும் துணைசெய்யும்.

அதனினும் அரிய அகராதி ஒன்று நம் இல்லங்களிலேயே உண்டு. அச்சொற்களைப் பேசி வளர்ந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமையாகும்.