செலுத்துதண்டு அதிர்வு (அம்பாசடர்)

செலுத்துதண்டு அதிர்வு என்பது, அம்பாசடர் மகிழுந்தில் பின்புறப் பட்டைவில்களை மாற்றியபின் தோன்றக்கூடிய ஒரு பழுது ஆகும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை உருவாக்கிய இம்மகிழுந்து பின்சக்கரங்களால் இயங்குவது.

காரணம்

செலுத்துதண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் மூட்டுகள் உள்ளன. சாய்வாகச் சுழலும் மூட்டு, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகத்தை ஏற்றி இறக்கும். இரு கோணங்களும் சமமாயின் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்யும். புதிய வில்லால் பின் அச்சு சற்றுத் திரும்பினாலும் இச்சமநிலை கெடும்.

கண்டறிதல்

அதே வேகத்தில் கியரை மாற்றியும் அதிர்வு மாறாவிடில் எஞ்சின் காரணமன்று. தண்டு சக்கரத்தைவிடப் பன்மடங்கு விரைந்து சுழல்வதால், அதன் அதிர்வு சக்கர அதிர்வைவிட வேகமானது. வண்டியின் எடை சக்கரங்களின்மீது இருக்கும்போதே கோணத்தை அளத்தல் வேண்டும். உடலைத் தூக்கினால் அச்சு தாழ்ந்து அளவு பிழையாகும். வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத்தகடு வைத்துக் கோணம் திருத்தப்படும். திருத்தாவிடில் மூட்டு தேய்ந்து முறியக்கூடும்.