சேவலுக்கு மூக்கில் சளி, தொண்டையில் 'கர்கர்' சத்தமா? உடனே என்ன செய்யணும்... எதைச் செய்யவே கூடாது?

நேற்று வரை தெருவையே எழுப்பிய சேவல், இன்னைக்கு கூவினால் தொண்டை கட்டின மாதிரி கம்மலா வருதா? தும்மல், மூக்கில் நீர், ராத்திரி கூண்டுப் பக்கம் போனால் 'கர்கர்' சத்தமா? 'சளிதான், தானா சரியாயிடும்' என்று விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால், கோழிக்கு வரும் 'சளி' ஒரே நோய் அல்ல. சிலது மருந்தில் கேட்கும். சிலது சில நாட்களிலேயே மொத்தக் கூண்டையும் காலி பண்ணிடும். நாட்டுக்கோழியை நம்பி சீட்டுப் பணமும் ஸ்கூல் பீஸும் கட்டுகிற வீட்டுக்கு அது சின்ன நஷ்டம் கிடையாது.

வெயிலா... நோயா?

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலே நோய் என்று பயப்பட வேண்டாம். கோழிக்கு வியர்க்காது. அதனால் கோடையில் இப்படித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நிழலில் விட்டு தண்ணி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தொட்டுப் பார்த்து 'காய்ச்சல் அடிக்குது' என்பதும் சரியான கணக்கு இல்லை. கோழியின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ்!

காலையிலோ இரவிலோ கழுத்தை நீட்டி, சத்தத்தோடு மூச்சு இழுத்தால் அது நோய். கொண்டை கருநீலமாக மாறியிருந்தால் போதிய ஆக்சிஜன் போகவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது.

எந்த அறிகுறி, எந்த நோய்?

கண்ணைச் சுற்றி முகம் வீங்கி, மூக்கிலிருந்து கெட்ட வாடையோடு சளி வந்தால் கொரைசா எனும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். வீக்கம் பெரிதாக இல்லாமல், வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் 'கர்கர்' சத்தத்துக்கு மைக்கோபிளாஸ்மா கிருமி காரணமாக இருக்கலாம். இதில் தேறிய சேவலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். வாய்க்குள் மஞ்சள் நிறப் படலம் தெரிந்தால் அம்மைக்கு வாய்ப்பு உண்டு. அதைச் சுரண்டி எடுத்தால் ரத்தம் கொட்டும், கை வைக்காதீங்க.

அதிகம் பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். மூச்சுத் திணறலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது இதன் அடையாளங்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்தே இல்லை.

முதல் வேலை என்ன?

சேவலைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீர், தீவனத் தட்டும் தனி. மற்ற கோழிகளைக் கவனித்த பிறகு கடைசியாக இதனிடம் போங்க, வந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. மூக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

அப்படியே கூண்டு உயரத்துக்கு உட்கார்ந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம். அதுவே சேவலின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி கிருமிக்கு வழி விட்டுவிடும். அடித்தரையை மாற்றாமல் எந்த மருந்து கொடுத்தும் பெரிய பலன் இருக்காது.

இதைச் செய்யாதீங்க

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிட்டுப் போறது நம்ம ஊர்ப் பழக்கம். திணறும் சேவலுக்கு அது ஆபத்து. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்தால்தான் மூச்சே. தலைகீழாகப் பிடித்தாலோ, நெஞ்சை இறுக்கினாலோ மூச்சு நின்றுபோகலாம்.

வாயைப் பிளந்து கஷாயம், எண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான். மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகலாம். துளசி, கற்பூரவல்லி கொடுக்க விரும்பினால் நறுக்கித் தீவனத்தில் கலந்து வையுங்கள். அதை மட்டுமே நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மெடிக்கலில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் வாங்கி உடைத்துப் போடுவதும் வேண்டாம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லணும். அவர் சொல்லும் இடைவெளி முடியும்வரை அந்தக் கோழியின் முட்டையையும் கறியையும் சாப்பிடக் கூடாது.

'சாகறதுக்குள்ள சந்தையில தள்ளிடலாம்' என்ற யோசனைதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு சேவல் போதும், நோய் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அடுத்தடுத்து கோழிகள் செத்து விழுந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி எப்போ?

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஆர்டிவிகே ஊசி. தமிழக கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுவார்கள். ஏற்கெனவே சளியோடு இருக்கும் சேவலுக்கு ஊசி போடக் கூடாது, நல்லா இருக்கும் கோழிகளை மட்டும் கொண்டுபோங்க.